முகூர்த்தம் தப்பிய பொறி

கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறவர்கள் ஒன்றரை மணி நேரம் அவகாசம் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை சற்றுத் தாமதமாக மணையில் வந்து உட்கார்ந்தாலும், நாதஸ்வரக்காரர் சற்று முந்திக் கெட்டிமேளம் கொட்டிவிட்டாலும் பெரிய ஆபத்து ஒன்றும் வந்துவிடுவதில்லை. மோட்டார் எஞ்சினுக்கும் ஒரு முகூர்த்தம் இருக்கிறது. அதற்கு இந்தத் தாக்ஷண்யமெல்லாம் கிடையாது. ஒரு வினாடியை ஆயிரம் கூறு போட்டு, அதில் இரண்டு கூறு முந்தினாலும் பிந்தினாலும் அது முகத்தைத் தூக்கிக்கொள்ளும். அதிலும், அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புதிதாகக் கோத்து, முதன் முதலாக உயிர் கொடுக்கப்படும் எஞ்சினாயிருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த விஷயத்தை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், ஒரு நாள் காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையில் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டோம்.

நமது சிநேகிதர் ஒருவரிடம் அவருடைய தகப்பனார் வைத்துவிட்டுப் போன அம்பாஸிடர் வண்டி ஒன்று இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மாதிரியாகக் கொண்டு 1950-களின் இறுதியில் செய்யத் தொடங்கி, 2014-ஆம் வருஷத்தில் நிறுத்தப்பட்ட அந்த வண்டியை அறியாத குடும்பம் நம் தேசத்தில் இருக்க முடியாது. எத்தனை குழந்தைகள் ஏறினாலும், "இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறது" என்று சொல்லும் வண்டி அது. சிநேகிதருடைய வண்டியில் இருப்பது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். பல வருஷங்கள் கொட்டகையில் தூங்கியதை அவர் எழுப்பத் தீர்மானித்தார். பட்டறையில் சிலிண்டர்களைக் கடைந்து, புது பிஸ்டன், புது வளையங்கள், புது காம் ஷாப்ட், புது டாப்பெட்டுகள் எல்லாம் வாங்கியாயிற்று. "கோக்கும் வேலையை நாமே செய்வோம்" என்று சொன்னது யார் தெரியுமா? வேறு யார், நாம்தான்! தெருக்கோடியில் அறுபது வயதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர் இருக்கிறார் என்பதும், அவர் இந்த எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கக் கூடியவர் என்பதும் நமக்குத் தெரிந்தேயிருந்தது. இருந்தாலும் மனிதனுக்குக் கர்வம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

குறித்த நாள் காலையில் வீட்டார் அனைவரும் கொட்டகை வாசலில் கூடிவிட்டார்கள். சிநேகிதருடைய தாயார் கற்பூரம் ஏற்றினார். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. சிநேகிதர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் "கர்... கர்..." என்று சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும் திருப்பினார். கார்புரேட்டரின் வாயிலிருந்து "புஸ்" என்று ஒரு தும்மல்; அதன் பின்னால் ஒரு சாண் உயரத்துக்கு நீல நிறத் தீக்கொழுந்து! நல்ல வேளையாக ஈரச் சாக்கு ஒன்று கையெட்டும் தூரத்தில் இருந்தது. தீயை அமுக்கி மூச்சு விடுவதற்குள் சைலன்ஸர் பக்கத்திலிருந்து "டுமீல்" என்றது. குழந்தைகள் கைகொட்டின. தாயார் மட்டும், "அப்பா இருந்தபோது இந்த வண்டி ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை" என்றார்.

அதற்கப்புறம் நமது சபையில் யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. எதிர் வீட்டுக்காரர் பெட்ரோல் பழசு என்றார். மைத்துனர் காயிலை மாற்றச் சொன்னார். நாம் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தோம். கார்புரேட்டரைத் திறந்து மூடினோம். டிஸ்ட்ரிபியூட்டரை இடப்புறம் திருப்பினோம், வலப்புறம் திருப்பினோம். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு முறை ஸ்டார்ட்டர் சுற்றியது. மத்தியானத்துக்குள் எத்தனை முறை சுற்றியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. கடைசியில் பாட்டரி ஓய்ந்து விட்டது. சிநேகிதர் கோபத்தோடு டிக்கியிலிருந்து ஹாண்டிலை எடுத்து, வண்டியின் முன்புறத்துத் துவாரத்தில் நுழைத்தார்.

"சாமி! கையை எடுங்கள்" என்று ஒரு குரல் கேட்டது. "டுமீல்" சத்தம் தெருக்கோடி வரையில் போயிருக்க வேண்டும். மேஸ்திரி வந்து நின்றார்.

"பொறி எப்போது விழுகிறதென்று தெரியாத எஞ்சினுக்கு ஹாண்டில் போடக் கூடாது, சாமி. அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும்" என்றார். வெறும் பயமுறுத்தல் அல்ல இது. பிஸ்டன் மேலே வருவதற்கு வெகு முன்னாலேயே பொறி விழுந்தால், வெடித்த வாயு பிஸ்டனை வந்த வழியே கீழே தள்ளும். ஹாண்டில் பின்புறமாகச் சுழன்று கையை அடிக்கும். இவ்விதம் கை முறிந்தவர்கள் அந்தக் காலத்தில் அனந்தம். 1912-ஆம் வருஷத்து காடிலாக் வண்டிகளில் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் மின்சார ஸ்டார்ட்டரை அமைத்துக் கொடுத்தபோது, உலகத்து மோட்டார்க்காரர்கள் அதை வரப்பிரசாதமாக நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஹாண்டில் போட்டே தீர வேண்டுமென்றால், கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு மேல் நோக்கி இழுக்க வேண்டும். கீழ் நோக்கி அழுத்தக் கூடாது. இதை மேஸ்திரி சிநேகிதருக்கு அப்போதே செய்து காட்டினார்.

பிறகு நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டும்போது ஒன்றாம் நம்பர் பிஸ்டன் எங்கே இருந்தது?"

"உச்சியில்" என்றோம் பெருமையுடன்.

"எந்த உச்சியில்?" என்றார் மேஸ்திரி.

* * *

இந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்க வேண்டுமானால், எஞ்சினுக்குள் நடக்கும் காரியத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் முதலில் கீழே இறங்கிக் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை உறிஞ்சுகிறது. இரண்டாவதாக மேலே ஏறி அதை நெருக்குகிறது. அந்த உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் பொறி விழுகிறது. மூன்றாவதாக, எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதாகப் பிஸ்டன் மறுபடியும் மேலே ஏறிப் புகையை வெளியே தள்ளுகிறது. 1876-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் நிகோலாஸ் ஓட்டோ என்பவர் ஓட்டிக் காட்டிய ஏற்பாடு இதுதான். இந்த நான்கு காரியங்களும் முடிவதற்குள் கிராங்க் ஷாப்ட் இரண்டு முறை சுற்றி விடுகிறது.

ஆகவே, பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒன்று, ஆவியை நெருக்கி வரும் உச்சி. மற்றொன்று, புகையைத் தள்ளி வரும் உச்சி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எஞ்சினின் முன்புறத்துப் புல்லியில் வெட்டியிருக்கும் அடையாளம் இரண்டு தடவையும் அதே முனைக்கு நேராக வந்து நிற்கும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது காம் ஷாப்ட். அது கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரே சுற்றுச் சுற்றுவது. எனவே டிஸ்ட்ரிபியூட்டருக்கு முகூர்த்தம் ஒன்றுதான். நாம் புல்லியின் அடையாளத்தை மாத்திரம் பார்த்துவிட்டு, புகை தள்ளும் உச்சியில் பிஸ்டன் நின்றபோது டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டை உள்ளே இறக்கியிருந்தோம். அதன் பலன் என்ன? ஆவி உள்ளே வரும் வால்வு திறக்கத் தொடங்கும் சமயத்தில் பொறி விழுந்தது. தீ கார்புரேட்டர் வழியாக வெளியே பாய்ந்தது. நெருக்கப்பட்ட ஆவியோ பற்றவைப்பார் இல்லாமல் சைலன்ஸருக்குப் போய் அங்கே வெடித்தது. பெட்ரோல், காயில், பிளக் ஆகிய எல்லாரும் நிரபராதிகள். குற்றவாளி இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

புது எஞ்சின் கிளம்பாவிட்டால், முதலில் பொறி விழுகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்பது நியாயம். இரண்டும் இருந்தால் மூன்றாவது கேள்வி, வேளை சரியா என்பது. அதற்கு எஞ்சினே அறிகுறி காட்டும். கார்புரேட்டர் தும்மி, சைலன்ஸர் வெடித்து, ஒரு சுற்றுக்கூடத் தானாக ஓடாவிட்டால், வேளை நேர் எதிராக இருக்கிறது; அல்லது வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. ஸ்டார்ட்டர் போடும்போது எஞ்சின் சுவரில் முட்டிக்கொண்டதுபோல் "ணக்" என்று நின்று நின்று சுற்றினால், பொறி முந்துகிறது. எப்படியோ கிளம்பி, பலமில்லாமல் சோம்பலாக ஓடி, சீக்கிரம் கொதித்து, புகைக்குழாய் சிவக்கக் காய்ந்தால், பொறி பிந்துகிறது. உள்ளே எரிய வேண்டிய ஆவி வெளியே போகும் வழியில் எரிகிறது என்று அர்த்தம்.

* * *

மேஸ்திரி முதலில் செய்த காரியம் நான்கு பிளக்குகளையும் கழற்றியதுதான். பிளக் இல்லாவிட்டால் எஞ்சினுக்கு உதைக்கும் சக்தி கிடையாது. ஹாண்டிலைப் பயமில்லாமல் சுற்றலாம். ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் சிலிண்டர்தான் ஒன்றாம் நம்பர். அதன் பிளக் துவாரத்தில் சிநேகிதரைக் கட்டை விரலை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, ஹாண்டிலை மெள்ளச் சுற்றினார். ஒரு கட்டத்தில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதுதான் நெருக்கும் உச்சியை நோக்கிப் பிஸ்டன் ஏறுகிற சமயம். பிறகு தலை மூடியைத் திறந்து நான்காம் நம்பர் சிலிண்டரைக் காட்டினார். அதில் ஒரு வால்வு மூடிக்கொண்டே வர, மற்றொரு வால்வு திறக்கத் தொடங்கி, இரண்டும் தராசுத் தட்டுக்களைப் போல் ஆடிக்கொண்டிருந்தன. "நாலு ஆடினால் ஒன்றுக்கு வேளை" என்றார். நாம் அன்று கற்றுக்கொண்ட மந்திரம் இதுதான். விரலும் வால்வும் பொய் சொல்லுவதில்லை. புல்லியின் அடையாளம் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

அடுத்தபடியாகப் புல்லியின் அடையாளத்தை உச்சிக்குச் சில டிகிரி முன்னால் நிறுத்தினார். எத்தனை டிகிரி என்பதை அந்தந்த எஞ்சினுக்குரிய புத்தகத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அடையாளம் கொஞ்சம் தாண்டிப் போயிற்று. அவர் அதை அப்படியே பின்னுக்கு நகர்த்திச் சரிக்கட்டவில்லை. வெகு தூரம் பின்னால் கொண்டுபோய், மறுபடியும் முன்னோக்கி வந்து நிறுத்தினார். செயினிலும் பற்சக்கரங்களிலும் இருக்கும் தளர்ச்சி, எஞ்சின் ஓடும்போது எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கமே இருக்க வேண்டுமாம்.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்ததும் நமது வண்டவாளம் வெளியாயிற்று. ஒன்றாம் நம்பர் வயரை நோக்கி நிற்க வேண்டிய ரோட்டர், நான்காம் நம்பர் வயரை நோக்கிக்கொண்டு சாவதானமாக நின்றது! இந்த எஞ்சினில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுவது. ஒன்றுக்கு நேர் எதிரே இருப்பது நான்கு.

சிநேகிதர் குதூகலத்துடன், "அவ்வளவுதானா! வயர்களை எதிரும் புதிருமாக மாற்றி மாட்டினால் போகிறது" என்றார்.

"மாட்டினால் ஓடும், சாமி" என்றார் மேஸ்திரி. "ஆனால் பத்து வருஷம் கழித்து வேறு ஒருவன் இந்த வண்டியைத் தொடுவான். புத்தகத்தைப் பார்த்து வயரை மாட்டுவான். இன்றைக்கு நீங்கள் பட்ட பாட்டை அன்றைக்கு அவன் படுவான். அவன் செய்த பாவம் என்ன?"

இதற்குப் பதில் சொல்ல நம்மில் யாருக்கும் வாய் எழவில்லை. மேஸ்திரி டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்தார். எஞ்சினுக்குள் இருக்கும் தண்டின் தலையில் நீளமான போல்ட் ஒன்றைத் திருகி வெளியே இழுத்தார். அந்தத் தண்டின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஆகையால் அது வரும்போதும் சுழன்றுகொண்டு வரும். போகும்போதும் சுழன்றுகொண்டு போகும். கடைசியில் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வைத்து இறக்கினால் தப்பிப் போகும். அது சுழலப் போகும் அளவைக் கணக்கிட்டு, முன்கூட்டியே திருப்பி வைத்து இறக்க வேண்டும். மேஸ்திரிக்கே இரண்டு முறை இறக்க வேண்டியிருந்தது. நமக்கு அது ஒரு சிறு ஆறுதல்.

பிறகு பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலம் வைத்தார். இதை முதலில் செய்துவிட வேண்டும். ஏனெனில் இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து, பொறியும் முந்திக்கொள்ளும். கடைசியாக 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் காயிலிலிருந்து வரும் முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் இரும்பிலும் சேர்த்தார். சாவியைத் திருப்பி வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை முதலில் ரோட்டர் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பினார்; விளக்கு அணைந்தது. பிறகு எதிர்த் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். விளக்கு "பளிச்" என்று எரிந்தது. பாயிண்ட் திறக்கும் கணம் அது. பொறி விழும் கணமும் அதுவே. அந்த இடத்திலேயே இறுக்கிவிட்டார். நாம் காலையெல்லாம் தேடிய முகூர்த்தம், ஒரு சின்ன பல்பில் வந்து எரிந்தது!

* * *

"இனிமேல் சாவியைத் திருப்பலாமா?" என்று கேட்டோம். மேஸ்திரி பதில் சொல்லாமல் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. நம்மிடம் நீட்டினார். எண்ணெயில் பெட்ரோல் வாசனை அடித்தது.

அவர் முகம் மாறியதற்குக் காரணம் உண்டு. புது காம் ஷாப்டும் புது டாப்பெட்டுகளும் ஒன்றோடொன்று உராய்ந்து பழகுவது முதல் சில நிமிஷங்களில்தான். கோக்கும்போது அவற்றின் மேல் கெட்டியான எண்ணெயை நிறையப் பூசி வைக்கிறோம். எஞ்சின் உடனே கிளம்பி வேகமாகச் சுற்றினால், உள்ளே எண்ணெய் சிதறி அவற்றை நனைத்துக்கொண்டேயிருக்கும். கிளம்பாமல் ஸ்டார்ட்டரில் மெள்ள மெள்ளச் சுற்றிக்கொண்டேயிருந்தால், பூசிய எண்ணெய் வழித்துக்கொண்டு போய்விடும். வேறு எண்ணெயும் போதியபடி வராது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்களைக் கழுவிக் கீழே இறங்கி எண்ணெயையும் நீர்த்துப் போகச் செய்யும். வருஷக்கணக்காக உழைக்க வேண்டிய காம் ஷாப்ட் அரை மணியில் தேய்ந்து போவது இப்படித்தான். தீயும் வெடியும் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்துக்கள். இது நம் காதுக்குக் கூட எட்டாமல் நடக்கும் ஆபத்து. முதல் முறை சாவியைத் திருப்புவதற்கு முன்பே வேளையைச் சோதித்துவிட வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டுப் புதியது ஊற்றப்பட்டது. மேலே வால்வுகளுக்கும் தாராளமாக எண்ணெய் விட்டார்கள். வேறு பாட்டரியை இணைத்து, பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைப் போட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழுந்து நின்ற பிறகுதான் பிளக்குகளை மாட்டச் சொன்னார் மேஸ்திரி. தண்ணீர், பெட்ரோல் குழாய், ஈரச் சாக்கு ஆகிய மூன்றையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"இப்போது திருப்புங்கள், சாமி. கிளம்பினதும் விட்டுவிடாதீர்கள், வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. சிநேகிதர் அதை நிமிஷத்துக்குச் சுமார் 2000 சுற்றில் இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தார். கொட்டகையின் கதவுகள் எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்தோம். அந்த இருபது நிமிஷமும் ஒருவரும் பேசவில்லை. ஒருவர் எண்ணெய் முள்ளைப் பார்த்தார். ஒருவர் சூட்டைப் பார்த்தார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பவரைப்போல் உட்கார்ந்திருந்தார். அது முடிந்து எஞ்சின் மெதுவாக ஓடத் தொடங்கியபோது, சிநேகிதருடைய தாயார், "இது அப்பா வண்டியின் சத்தம்தான்" என்றார்.

மறுநாள் ஸ்ட்ரோப் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் காற்றுக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஓடும் எஞ்சினிலேயே வேளையைச் சரி பார்த்தோம். அந்த விளக்கு ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முறை மின்னுவதால், சுழலும் புல்லியின் அடையாளம் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். வேகத்தைக் கூட்டினால் அந்த அடையாளம் மெள்ள முன்னால் நகர வேண்டும். நகர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் வேலை செய்கின்றன என்று அறியலாம். பிறகு மேட்டுச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். பாரம் இழுக்கும்போது சில்லறையைக் குலுக்கியதுபோல் சத்தம் கேட்டால் பொறி இன்னும் முந்துகிறதென்று அர்த்தம். கேட்கவில்லை.

இன்று விற்பனையாகும் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, பாயிண்டும் இல்லை. பொறியின் வேளையைக் கம்ப்யூட்டர் நிர்ணயிக்கிறது. ஆனாலும் தகப்பனார் வண்டியைத் தள்ளிவிட மனமில்லாத குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். எண்ணூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மேஸ்திரி தலை மூடியைத் திறந்து டாப்பெட் இடைவெளிகளை அளந்தார். ஏழு சரியாயிருந்தன. எட்டாவதில் மாத்திரம் இடைவெளி சற்று அதிகமாகியிருந்தது. அந்த இடத்தில் காம் ஷாப்ட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. சரி செய்து மூடினார். அதன் பிறகு அது கூடவில்லை. ஆனால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த ஒன்று மட்டும் மெல்லிசாக "டிக், டிக்" என்கிறது. சிநேகிதர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நமக்குத்தான் அது ஒவ்வொரு முறையும், "எந்த உச்சியில்?" என்று கேட்பதுபோல் இருக்கிறது.